பாப்பரசருக்கு எங்கள் தெருத் தூம்பா

ஐயா, அம்மணி,

சென்ற வாரம் செங்கல் சூளையின் நெருப்பைப் பற்றி எழுதி நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் சூளையை விட்டுக் கோயிலுக்கு வருகிறேன். தாங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும் சற்று நேரம் என்னோடு இருந்து கேட்க வேண்டும். இது ரோமாபுரியில் வாழ்ந்து மறைந்த ஒரு பாப்பரசரைப் பற்றியது. அதே அளவுக்கு, சூளையில் வாழ்ந்து மறைந்த என் தகப்பனாரைப் பற்றியதும் ஆகும்.

இரண்டு மணிகள்

தை முடிந்து மாசி பிறக்கும் தறுவாய். பனி இன்னும் ஏரிக்கரையை விட்டு எழும்பவில்லை. சூளைக்குப் புறப்படுமுன் கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கோயில் மணி ஒலித்தது. விட்டு விட்டு ஒலிக்கும் துக்க மணி.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே, பாரிவாக்கத்தைத் தாண்டி, எங்கள் சிற்றூர் இருந்தது. எங்கள் மாதா கோயிலில் இரண்டு மணிகள் உண்டு. நிலம் வைத்திருந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊர்த்தெருவில் ஒருவர் இறந்தால் பெரிய மணி அடிக்கும். அந்த நிலங்களில் கூலிக்கு உழைத்த எங்கள் சேரியில் ஒருவர் இறந்தால் சிறிய மணி. இரு தெருவாரும் ஒரே கிறிஸ்தவ வேதத்தவர். ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள். ஆயினும் ஓசையைக் கேட்டவுடன் எந்தத் தெருச் சாவு என்று தெரிந்துவிடும். ஒரு தெரு அழப் புறப்படும்போது மற்றத் தெரு உலை வைக்கும்.

அன்று இரண்டு மணிகளும் சேர்ந்து அடித்தன.

என் தகப்பனாரின் தங்கை அருளாயி அத்தை, வாசலில் தெளித்துக்கொண்டிருந்த சாணக் கையோடு ஓடி வந்தார்.

"இன்னாடா சூசை இது? ரெண்டு தெருவுலயும் ஒண்ணா பூட்டாங்களா?"

"தெரியலியே அத்தே."

"கோயில்பிள்ளைக்கு ராத்திரி குடிச்ச கள்ளு இன்னும் எறங்கல போல கீது."

நாங்கள் ஓடினோம். ஊர்த்தெருவாரும் ஓடி வந்தார்கள். கோயில் முற்றத்தின் இரு பக்கமும் நின்று, எதிர்ப்பக்கத்தில் அழுகிறவர் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழுகிறவர் ஒருவரும் இல்லை. கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கும் கோயில்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு வெளியே வந்தான்.

"ரோமாபுரியில பெரிய சாமி பூட்டாராம். பாப்பரசரு. பட்டணத்துலருந்து ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். எந்த மணி அடிக்கறதுன்னு நம்ம சாமியாரக் கேட்டேன். ரெண்டையும் அடின்னுட்டாரு."

அத்தை சாணக் கையை முந்தானையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப அவரு எந்தத் தெருவு?"

துக்கத்துக்கு வந்த இடத்தில் இரு பக்கமும் சிரிப்பு எழுந்தது. அதுவரை அந்த முற்றத்தில் இரு தெருவும் ஒரே சமயத்தில் சிரித்து நான் கண்டதில்லை.

ரோமாபுரியில் இருந்தவர்

அந்தப் பாப்பரசரைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது மிகச் சொற்பம். சாமியார் உடை மாற்றும் அறையில் அவருடைய படம் ஒன்று மாட்டியிருந்தது. வட்டக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியுமாக, பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போல் பார்ப்பார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மற்றவற்றையெல்லாம் பிற்காலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தே அறிந்தேன். இளமையில் பனிமலைகளில் ஏறியவர் என்றும், நெடுங்காலம் நூல்நிலையத்தில் பணி செய்தவர் என்றும் படித்தபோது எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் உண்டாயிற்று.

அவருக்கு முன்பிருந்த பாப்பரசர்கள், தங்கள் நகரத்தை இத்தாலிய அரசு எடுத்துக்கொண்டதைப் பொறுக்காமல், அறுபது ஆண்டு காலம் அரண்மனையை விட்டு வெளியே அடி வைத்ததில்லை. இவர் அந்த அரசோடு உடன்படிக்கை செய்து அந்த வழக்கைத் தீர்த்து வைத்தார். இச்செய்தியை எங்கள் சாமியார் ஒரு முறை பிரசங்கத்தில் விளக்கினார். அருளாயி அத்தை பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதுபோல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னார்:

"அவுங்க வெளிய வரமாட்டேன்னு உள்ள குந்திகினாங்க. நம்மள உள்ள வராதன்னு வெளிய குந்தவெச்சாங்க. ரெண்டும் ஒரே வேதந்தான் போ."

கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தியவரும் அவரே. அரசர்களும் ஆட்சிகளும் தங்களுக்கு மேல் ஒருவரும் இல்லையென்று தருக்கிய காலத்தில், மேலே ஒருவர் இருக்கிறார் என்று நினைவூட்டவே அதை ஏற்படுத்தினார் என்பார்கள். முதன்முதலில் நாங்கள் அந்தத் திருநாளுக்குத் தெருவில் சுற்றுப்பிரகாரம் நடத்தியபோது, ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார்.

"எந்த ராஜாவுக்குய்யா வாழ்க போடுறீங்க?"

"கிறிஸ்து ராஜாவுக்குங்க."

"அவரு காங்கிரசா?"

"இல்லீங்க. வேதக்காரரு."

"சரி சரி, சத்தமா போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் இதை இப்போது நினைத்தாலும், அந்தக் கேள்வி அவ்வளவு பேதைமையானதன்று என்றே தோன்றுகிறது.

தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று முன்னவர் ஒருவர் திருச்சபைக்கெல்லாம் எழுதிய நிருபத்தை இவர் புதுப்பித்து எழுதினார். எங்கள் சூளை வரை அந்த நிருபம் வந்து சேரவில்லை. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கொடுங்கோலரோடு அவர் செய்த உடன்படிக்கைகளைப் பற்றிக் குறை சொல்வோர் இன்றும் உண்டு. சில அவருக்கே கசந்துபோயின. அந்த ஆட்சிகளைக் கண்டித்தும் அவர் எழுதினார். இதையெல்லாம் நிறுத்துச் சொல்லக் கற்றவர்கள் இருக்கிறார்கள்.

எங்களூருக்கு வந்து சேர்ந்த அவருடைய காரியம் ஒன்றே. அந்தந்த நாட்டு மக்களிலிருந்தே குருக்களும் அவர்களுக்கு மேலான மேற்றிராணிமார்களும் எழ வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். சீன தேசத்தாரையும் நம் தேசத்தாரையும் மேற்றிராணியாராக உயர்த்தினார். அக்காற்று வீசி வந்துதான், வெள்ளைக்காரச் சாமியார் இருந்த எங்கள் கோயிலுக்கு அருளப்ப சுவாமியார் என்ற தமிழர் வந்தார்.

அதில் ஒரு விந்தை உண்டு. வெள்ளைக்காரரிடம் ஒருவரும் சாதி கேட்டதில்லை. தமிழர் வந்ததும் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ஊர்த்தெரு நாட்டாண்மைக்காரர் மதலைமுத்து, வாழைத்தாரும் கையுமாக வரவேற்கப் போய், பணிவாகவே கேட்டார்:

"சாமிக்குத் தஞ்சாவூர் பக்கம்னு கேள்வி. அங்க எந்தத் தெருவுங்க?"

"ஆற்றங்கரைத் தெரு" என்றார் சாமியார். "வெள்ளம் வந்தால் எல்லா வீடும் ஒரே தெருதான்."

நாட்டாண்மைக்காரர் அந்த விடையை வாரக்கணக்கில் மென்றுகொண்டிருந்தார்.

பெரிய தூம்பா, சிறிய தூம்பா

தூம்பா என்றால் என்னவென்று வேறு மதத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இறந்தவரைக் கிடத்திக் கல்லறைக்குச் சுமந்து செல்லும் மரப் பல்லக்கு அது. புதைத்தானதும் கோயிலுக்குத் திரும்பி வந்து அடுத்தவருக்காகக் காத்திருக்கும். மணி இரண்டாக இருந்த எங்கள் கோயிலில் தூம்பாவும் இரண்டு. கறுப்பு வார்னிஷ் பூசி, மூலைகளில் பித்தளை அடித்த பெரிய தூம்பா ஊர்த்தெருவாருக்கு. அது கோயிலுக்குள்ளேயே வடக்கு அறையில் இருக்கும். வண்ணம் பூசாத சிறிய தூம்பா எங்களுக்கு. அது கல்லறைச் சுவரை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் கிடக்கும்.

பெரிய தூம்பா பெரிய கதவு வழியாகக் கோயிலுக்குள் போய்ப் பீடத்தின் முன் நிற்கும். எங்களுக்குத் தெற்குப் பக்கத்து ஓரவாசல். அது குறுகலானது, குனிந்துதான் போக வேண்டும். தூம்பா அதில் நுழையாது. ஆகவே எங்கள் சாவுகள் வெளியே தரையில் நிற்கும். சாமியார் வாசற்படி வரை வந்து தீர்த்தம் தெளிப்பார்.

என் தாயார் இறந்த நாளில் ஐப்பசி மழை. ஓரவாசலுக்கு வெளியே தூம்பா நின்றது. உள்ளே பூசை நடந்தது. என் தகப்பனார் தம் மேல்துண்டை விரித்துத் தாயாரின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, பூசை முடியும் மட்டும் நின்றார். துண்டு நனைந்து, அதிலிருந்து நீர் சொட்டி, அந்த முகத்தின் மேலேயே விழுந்தது. அவர் துண்டைப் பிழிந்து பிழிந்து மறுபடி பிடித்தார்.

அன்று வீடு திரும்பியதும் அவர் என்னிடம் சொன்னார்:

"சூசை, என்னிய அந்த ஓரவாசல்ல வெச்சீன்னா நான் எழுந்து ஊட்டுக்கு வந்துடுவேன். பெரிய கதவு தொறந்தா கொண்டு போ. தொறக்கலியா, நேரா குழிக்குக் கொண்டு போயிடு. பூசையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

பூசையில்லாமல் புதைக்கப்படுவது எங்கள் நம்பிக்கையில் எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்த மனிதர் அவர். விளையாட்டாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

வெறும் தூம்பா ஆள் கேட்கும்

மீண்டும் மாசி மாதத்துக்கு வருகிறேன்.

பாப்பரசருக்காக எல்லாக் கோயில்களிலும் துக்கப் பூசை வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உடல் இல்லாத இடத்தில் வெறும் தூம்பாவைப் பீடத்தின் முன் வைத்து, கறுப்புத் துணியால் மூடி, சுற்றிலும் மெழுகுத்திரி ஏற்றி, உள்ளே அவரே இருப்பதாகப் பாவித்துத் தூபமும் தீர்த்தமும் கொடுப்பது முறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருளப்ப சுவாமியார் முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி இதைச் சொல்லி, பெரிய தூம்பாவைத் துடைத்து வைக்கும்படி கேட்டார்.

ஊர்த்தெருவார் தங்கள் நாட்டாண்மைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மதலைமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"அது வந்து சாமி... எங்க தூம்பா வெறுமனே கிளம்பாதுங்க."

"ஏன்?"

"பொணம் இல்லாம அத்த எடுத்தா அது ஆளு கேக்கும். எந்தத் தெருவு தூம்பாவோ, அந்தத் தெருவுல ஒருத்தர எடுத்துக்கினுதான் உடும். எங்க பாட்டன் காலத்துல வெயிலுல காயவெக்கறேன்னு எடுத்தாங்க. ஒரே வாரத்துல ரெண்டு சாவு."

"நீங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்றார் சாமியார்.

"அதெல்லாம் சரிங்க. ஆனா தூம்பாவுக்கு அது தெரியுமா?"

அவர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைப்பிள்ளை. அவருடைய அச்சத்தின் வேர் அங்கே இருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சேரி தூம்பாவ வெச்சிக்கலாமே சாமி. மேல கறுப்புத் துணி போட்டா எது எதுன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"ஆமா, ஆமா" என்று பல தலைகள் அசைந்தன. ஒரு பாரம் இறங்கியது போல் அவர்கள் முகம் தெளிந்தது.

சாமியார் ஊர்த்தெருவாரை வரிசையாகப் பார்த்தார்.

"நடுக்கோயிலில், பீடத்துக்கு முன் வைக்கப் போகிறேன். பெரிய கதவு வழியாகத்தான் வரும். எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதம் சாமி."

"தூக்கி வருவது யார்?"

ஊர்த்தெருவில் ஒருவரும் அந்தத் தூம்பாவைத் தொடமாட்டார்கள். "அவுங்களே தூக்கிட்டு வரட்டும்" என்றார் மதலைமுத்து. தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பதை அவர் அப்போது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேரியில் அன்று மாலை பெரிய வாக்குவாதம். அருளாயி அத்தை நடுத்தெருவில் நின்று கையை வீசினார்.

"இன்னா நாயம் இது? அவுங்க தெருவுல சாவு உழக்கூடாது, நம்ம தெருவுல உழலாமா? நம்ம உசுரு இன்னா புளியங்கொட்டையா? குடுக்காதீங்க, நான் சொல்லிட்டேன்."

எங்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த அச்சம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சூளைப் புகை நெஞ்சில் தங்கிப் பல வருடமாக இருமிக்கொண்டிருந்த என் தகப்பனார் சவரிமுத்து, சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் ஓய்ந்ததும் பேசினார்.

"குடுங்கப்பா. நம்ம தூம்பாவுல இதுவரிக்கும் படுத்தவன் எவனுக்காவது மரியாத நடந்துச்சா? அந்த மனுசனுக்காவது நடக்கட்டும். ஆளு கேட்டா நான் கீறேன். எப்டியும் போற ஆளுதானே."

"வாயக் கழுவு அண்ணாத்தே" என்றார் அத்தை. ஆனால் அதற்குமேல் வாதாடவில்லை.

காகித முடி

பூசை நாளன்று நாங்கள் நால்வர் சிறிய தூம்பாவை ஏரித் தண்ணீரில் கழுவி, தோளில் ஏற்றி, பெரிய கதவுக்கு நேரே வந்து நின்றோம். கால் தயங்கியது. அந்தப் படியை நாங்கள் பெருக்கியிருக்கிறோம்; சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். நடந்து ஏறியதில்லை. சாமியார் உள்ளிருந்து கையசைத்தார். ஏறினோம். உள்ளே தரை கால் வெடிப்புக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கோயில்பிள்ளை, பாப்பரசர் அணியும் மூன்றடுக்கு முடி ஒன்றை அட்டையில் செய்து, ஜரிகைக் காகிதம் ஒட்டிக் கறுப்புத் துணியின் மேல் வைத்திருந்தான். காற்றில் அது சற்றே ஆடியது. சாமியார் கறுப்பு உடையில் தூம்பாவைச் சுற்றி வந்து தூபம் காட்டினார். சாம்பிராணிப் புகை எழுந்தது. லத்தீன் பாட்டு முடிந்ததும் ஊர்த்தெரு ஆண்களும் பெண்களும் வரிசையாக வந்து, எங்கள் தூம்பாவின் முன் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மதலைமுத்து துணியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் கண்டேன்.

என் தகப்பனார் தெற்குப் பக்கத்தில், எங்களுக்கு உரிய இடத்தில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே கேட்டார்.

"கதவுல தூம்பா எங்கியாச்சும் இடிச்சிதா?"

"இல்ல நைனா. தாராளமா போச்சி."

"அப்ப எனக்குப் போதும்" என்றார்.

சாவி

நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசு காலத்தில், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், அவர் போய்விட்டார். சிறிய மணி அடித்தது.

அருளப்ப சுவாமியாரிடம் சென்று தகப்பனாரின் விருப்பத்தைச் சொன்னேன். பெரிய கதவு வழியாக ஏற்றுக்கொள்ளத் தமக்கு யாதொரு தடையும் இல்லை என்றார். ஆனால் அந்தக் கதவின் சாவி அவரிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அது நாட்டாண்மை வீட்டில் தொங்கியது. ஞாயிறுதோறும் கோயில்பிள்ளை போய் வாங்கி வருவான். பூசை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பான்.

"பூட்டை உடைக்கலாம்" என்றார் சாமியார். "உடைத்தால் இன்று உன் அப்பா உள்ளே வருவார். நாளை அவர்கள் வேறு பூட்டு மாட்டுவார்கள். நான் கேட்டால் அது சாமியாரின் வழக்காகிவிடும். நீ கேட்கிறாயா? மறுத்தால் நான் வருகிறேன்."

நானும் அருளாயி அத்தையும் போனோம். மதலைமுத்து தம் களத்தில் வைக்கோலைப் பிரி திரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் களத்தின் ஓரத்திலேயே நின்றோம்.

"மணி கேட்டுச்சி" என்றார் அவர். "நல்ல மனுசன். அவன் அடுக்கின சூளையில கல்லு வேகாம போனதில்ல. இன்னா வோணும்? தூம்பாவுல போட வைக்கோலு எடுத்துக்கினு போறியா?"

"பெரிய கதவு சாவி வோணுங்க ஐயா."

அவர் கை நின்றது. "அது எதுக்கு? ஓரவாசல் கீதே."

"தூம்பா அதுல பூராதுங்க."

"எப்பவும் வெளியதானேடா வெப்பீங்க?"

"போன மாசம் உள்ள வெச்சமுங்களே."

"அன்னிக்கி அது பாப்பரசர் சாவு."

"தூம்பா இதேதாங்க. தூக்கினதும் நாங்கதான்."

"ஆளு வேறடா."

"அன்னிக்கி ஆளே இல்லீங்களே ஐயா. ஆளில்லாத தூம்பாவுக்கே கதவு தொறந்துச்சி. இன்னிக்கி ஆளு கீறாரு."

"வாயி நீளுது உனக்கு" என்று அவர் எழுந்தார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார். காரியம் கெட்டது என்றே எண்ணினேன். தகப்பனாரை நேரே குழிக்குக் கொண்டுபோவதென்று மனத்துக்குள் தீர்மானமும் செய்துவிட்டேன்.

அப்போது வீட்டு நிலைப்படியிலிருந்து அவருடைய மனைவி தெரேசம்மாளின் குரல் வந்தது.

"சாவியக் குடுத்துடுங்க."

"நீ உள்ள போ."

"நான் இன்னாத்துக்கு உள்ள போறது? உள்ள பொண்ணு எப்ப நோவு கண்டுடுமோன்னு குந்திகினு கீது. அந்தத் தூம்பா வெறுமனே போனதுலருந்து எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. இப்ப அது ஆளு எடுத்துக்கினு அடங்கி கீது. நம்ம தெருவுக்கு வர வேண்டியத அந்த மனுசன் வாங்கிக்கினாரு. அவரு போற கதவ மூடினீங்கன்னா, அது மறுபடியும் கிளம்பாதா? இந்த வாசலுக்கு வராதா?"

மதலைமுத்து என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், என் தகப்பனாரை இன்னொருவர் வீட்டுக்குப் பதிலாகப் போனவர் என்று சொல்ல விட்டு நிற்க என்னால் ஆகவில்லை.

"எங்க நைனா சூளைப் புகையில செத்தாரும்மா. தூம்பா கேட்டு இல்ல. யாருக்காகவும் சாவல."

அத்தை இம்முறை கிள்ளியது எலும்பில் பட்டது. "அவன் பேச்ச உடுங்கம்மா" என்றார் அவசரமாக.

"அவன் அப்டித்தான் சொல்லுவான், துக்கத்துல கீறான்" என்றார் தெரேசம்மாள். "எதுனாலயோ செத்தாரு. கதவு தொறக்கட்டும். குடுங்க."

மதலைமுத்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டு வந்தார். என் கையில் தரவில்லை. களத்து ஓரக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். அது ஒரு சாண் நீள இரும்புச் சாவி. வெயிலில் சுட்டது. எடுத்துக்கொண்டேன்.

அத்தை எனக்கு முன்னே விரைந்து நடந்தார். ஊர்த்தெரு முடிந்ததும்தான் வாய் திறந்தார்.

"கதவு தொறக்கறப்ப எதுக்குடா நாயம் பேசுற?"

"பொய் சொல்லியா அத்தே நைனாவ உள்ள கொண்டு போறது?"

"சரி, சரி. சாவிய எறுக்கிப் புடி. உழுந்துடப் போவுது."

உள்ளே

கதவை நானே திறந்தேன். சாமியார் தீர்த்தச் செம்போடு வாசற்படிக்கு வந்து, ஊர்த்தெருச் சாவுக்கு எப்படி வருவாரோ அப்படியே வந்து, தகப்பனாரை எதிர்கொண்டார். தூம்பா எங்கும் இடிக்கவில்லை. அருளாயி அத்தை எல்லாருக்கும் பின்னால் வந்தார். கதவின் பலகையில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழே ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

ஊர்த்தெருவார் வரவில்லை. தெரேசம்மாள் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். அவர் தம் மகளுக்காக வேண்டினாரோ, என் தகப்பனாருக்காக வேண்டினாரோ, நான் அறியேன். இரண்டுக்குமாக இருக்கலாம்.

அடக்கம் முடிந்ததும் சாவியை மதலைமுத்து வீட்டுக்கு நான் கொண்டுபோகவில்லை. சாமியாரின் மேசை மேல் வைத்தேன். சாயங்காலம் நாட்டாண்மைக்காரர் வந்து கேட்டபோது, "இருக்கட்டும், இனி இங்கேயே இருக்கும்" என்று சாமியார் சொன்னாராம். அவர் திரும்பிப் போய்விட்டாராம். அந்த வாரத்திலேயே அவர் வீட்டில் ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. பிறகு சாவியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து எங்கள் தெருவில் இறந்தவர் ஒரு கிழவர். அவரும் பெரிய கதவு வழியாகவே போனார். "பாப்பரசர் போன தூம்பா" என்று ஊர்த்தெருவாரே பெருமையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். உட்காரும் இடங்கள் மட்டும் மேலும் பல காலம் தனித்தனியாகவே இருந்தன. அவை ஒன்றானது சுதந்திரத்துக்கும் பிற்பட்ட, நீண்ட, கசப்பான வேறொரு வரலாறு.

ஒரு பாப்பரசர் உலகத்துக்கு என்ன விட்டுச் சென்றார் என்பதை அறிஞர்கள் உடன்படிக்கைகளையும் நிருபங்களையும் வைத்து நிறுப்பார்கள். நான் நிறுப்பதற்கு அவர் அனுப்பி வைத்த ஒரு தமிழ்ச் சாமியாரும், அவர் இறந்ததால் திறந்த ஒரு கதவும் உண்டு. அந்தக் கதவை நியாயம் திறந்திருந்தால் எனக்கு மனம் நிறைந்திருக்கும். பிள்ளைப்பேற்றை நினைத்து அஞ்சிய ஒரு தாயின் பயம் திறந்தது. திறந்ததை மூடவிடாமல் வைத்தது சாமியாரின் உறுதி. இவற்றில் எது பெரியது என்று இந்த வயதிலும் எனக்கு முடிவாகவில்லை.

இப்போது எங்கள் ஊருக்குப் போனால், அந்தக் கதவு எல்லாருக்கும் எப்போதும் திறந்தே இருந்தது என்று இரண்டு தெருவிலும் சொல்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். அது அப்படியிருக்கவில்லை என்பதை அறிந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ஆகையால், ஐயா, அம்மணி, இந்த வாரத்துப் பக்கங்களைக் கடைப் பொட்டலத்துக்குப் போடாமல், தங்கள் வீட்டில் ஓரிடத்தில் எடுத்து வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.